மெட்ராஸ் ஐ

முந்நூற்று இருபது ரூபாய்.
லிப்ஸ்டிக் அளவு, சிவப்பு மூடி.
ஆறடி பாயும் என்று மேலே அச்சடித்திருந்தது.
காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று
அச்சடிக்கவில்லை.

ஓசூர் கம்பெனி பஸ்
பதினொன்றே காலுக்கு
ராயக்கோட்டைப் பிரிவில் இறக்கிவிடும்.
அங்கிருந்து தக்காளித் தோட்டத்து ஓரமாக
ஆயிரத்து நூற்றுப் பத்து காலடி,
எண்ணியிருக்கிறேன்.
புதன்கிழமையிலிருந்து
என் எண்ணிக்கைக்குப் பின்னால் இன்னொன்றும் நடந்தது.

வெள்ளியன்று கையைப் பிடித்தான்.
அழுத்தினேன்.
கொசுமருந்து அடிக்கிற சத்தம்,
அவ்வளவுதான்.
சொட்டுநீர்க் குழாய் மேல் விழுந்து
மிளகாய் வறுக்கிற வீடு மாதிரி இருமினான்.
மீதி என் முகத்துக்கே திரும்பி வந்தது.
ஓடு என்றது கால்.
தண்ணி, என்றான் அவன்.

பழம் நறுக்கும் கத்தியே போதும்டி என்றிருந்தாள்
ரூமில் முனிலட்சுமி.
கத்திக்கு மறுநாள் விடியும் காலையை
எனக்குத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாட்டிலை உருட்டிவிட்டேன்.
கொடுக்கவில்லை,
உருட்டினேன்.
அப்புறம்தான் ஓடினேன்.

காலையில் மண்டிக்கு எதிரே டீக்கடை.
என் கண் இரண்டும் பழுத்துக் கிடந்தன.
"ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவுதும்மா,
இப்பத்தான் அவனுக்கும் சொன்னேன்"
என்றார் மாதப்பன்.
கிரேட் அடுக்கிக்கொண்டிருந்தவன்
இதே கண்களோடு நிமிர்ந்தான்.

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள்.
பார்த்தேன்.
அவன்தான் முதலில் குனிந்தான்.

அடுக்கிய கிரேட்டின் உச்சியில்
நீல மூடி போட்ட என் பாட்டில்.
யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.
நன்றாகக் கழுவித்தான் குடிக்க வேண்டும்.