வயதுக்கு வந்தவன்

பட்டமங்கலத் தெரு ஆய்வகத்தில்
கண்ணாடிக்குப் பின்னிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்:
"சட்டநாதன், ஐம்பத்தாறு, ஆண்."
மூன்றும் நான்தான் என்று எழுந்தேன்.

தாளின் தலையில் பாலினம்: ஆண்.
கீழே நான்காவது வரியில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
பக்கத்தில் தரையைப் பார்த்து ஓர் அம்பு.
எண்ணூற்றைம்பது ரூபாய் ரசீதை
நாலாய் மடித்து பனியனுக்குள் செருகினேன்.
சட்டைப்பை மெல்லியது, தெரிந்துவிடும்.

எண்கள் எனக்குப் புதிதில்லை.
முப்பத்தோரு வருடமாய் வீரசோழன் கரையில் லஸ்கர்.
காலை ஆறுக்கு அளவுகோல் பார்த்து
செக்‌ஷன் ஆபீசுக்குச் சொல்வேன்:
மூணேகால் அடி. ரெண்டரை. தரை தெரியுது சார்.
அதற்காக யாரும் அளவுகோலைக் கேலி செய்ததில்லை.

டாக்டருக்கு என் மகள் வயதிருக்கும்.
"வருஷத்துக்கு ஒரு சதவீதம்னு குறையும்,
வயசுக்கு வர்ற மாற்றந்தான்" என்றார்.
சிரிப்பு வந்தது எனக்கு.
ஐம்பத்தாறில் வயதுக்கு வந்திருக்கிறேன்.
பச்சை ஓலை கட்டவில்லை,
மாமன் சீர் இல்லை, மைக்செட் இல்லை.

ஆறு மாதிரி என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.
ஆற்றுக்குத் தேதி குறித்துத் திறந்துவிடுவார்கள்,
மந்திரி வந்து பூ தூவுவார்.
எனக்கு மேலே அணை கிடையாது.

என்ன தொந்தரவு என்று கேட்ட படிவத்தில்
இடம் ஒரு விரல்கடைதான்.
நாற்பது சுற்றும் ஒரே மூச்சில் ஷட்டர் திருகியவன்
பதினொன்றில் நின்றுவிடுகிறேன் என்று எழுதவில்லை.
விடியலில் எனக்கு முன்பே எழுந்துகொள்கிறவன்
இப்போது என்னையும் தாண்டித் தூங்குகிறான்
என்று எழுதவில்லை.
முறைத் தண்ணீரில் கரையை வெட்டினவனைப் பிடித்தும்
திட்டு பாதியில் அலுத்து
"போடா" என்று விட்டுவந்ததை எழுதவில்லை.
சோர்வு என்று எழுதினேன்.

பேருந்து நிலையத்தில் நேரப்பலகை பார்ப்பவன்போல
பக்கத்து மஞ்சள் நோட்டீசைப் படித்தேன்.
பிரதி வியாழன், லாட்ஜ், அறை எண் ஆறு, மீண்டும் வாலிபம்.
அதற்குள் தரங்கம்பாடி வண்டி போய்விட்டது.

கரண்ட் போன பிறகுதான் தையல்நாயகியிடம் சொன்னேன்.
விசிறிமட்டைச் சத்தம் நின்றது.
"எனக்கு நின்னு நாலு வருஷம் ஆச்சு.
அப்புறம் அந்தச் சம்பா நடவுல,
வரப்புல நிக்கிறேன், கழுத்துலேர்ந்து தீயா ஏறுது.
வெயில்னு நெனச்சு குடை குடுத்தீங்க."
"சொல்லவே இல்லையே?"
"என்னன்னு சொல்றது.
உங்களுக்காவது ஒரு நம்பர் குடுத்திருக்காங்க."

அந்தக் குடையை நினைத்துக்கொண்டே கிடந்தேன்.
கம்பி ஒன்று உடைந்த கறுப்புக் குடை.
அவள் முழங்கை என் விலாவில் வந்து பட்டது.
ஒரு காலத்தில் அது வேறொன்றின் தொடக்கம்.
இன்று முழங்கை.
எடுக்கவில்லை அவள், நானும் நகரவில்லை.

ரெண்டு மணிக்குப் போன் அடித்தது:
மேலே நல்ல மழை, ஷட்டரைத் தூக்கு.
டார்ச்சை எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள்.
பதினொன்றில் நான் நிற்க, கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.
பன்னிரண்டு, பதிமூன்று என்று எண்ணியவள்
இருபத்தாறோடு எண்ணிக்கையை விட்டாள்.
ஆகாயத்தாமரை கும்பல் கும்பலாய்
டார்ச் வெளிச்சத்தில் இறங்கிப் போனது.

"எண்ணூத்தம்பதா?" என்றாள், மூச்சு வாங்க.
"கேட்டுக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."