எந்த மலைக் கல்

செல்போன் பழுதுபார்க்கும் கடையில்
பாதி மேசை என்னுடையது.
அந்தப் பாதியில் இருதயராஜ் ஈயம் உருக்குவார்,
இந்தப் பாதியில் நான் வெள்ளி.
ஈயம் ஒரு துளி தெறித்து இங்கே விழுந்தாலும்
அடுத்த சூட்டில் வெள்ளி புழுத்துப்போகும்.
அதனால் நடுவில் ஒரு மரச்சட்டம்.
பதினோரு வருஷத்தில் எங்களுக்குள் இருக்கும் தடுப்பு
அது ஒன்றுதான் என்று சொன்னால் பொய்.

தோட்டப்பாளையத்தில்
லாட்ஜுகள் முட்டிக்கொள்ளும் சந்து.
சாப்பாட்டுப் பலகையெல்லாம் வங்காளத்தில்.
எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கி
யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள்.

கல்லை நான் காசு கொடுத்து வாங்குவதில்லை.
ஞாயிறு பூசை முடிந்ததும் பாலாற்றில் இறங்குவேன்.
தண்ணீர் இருந்தால் கல் எப்படித் தெரியும்?
ஈரல் நிறத்தில் ஒன்று, தயிர் நிறத்தில் ஒன்று,
வெல்லப்பாகு முறுகிய நிறத்தில்
எப்போதாவது ஒன்று.
தகட்டைக் கீற்றாக நறுக்கி
கல்லின் இடுப்பைச் சுற்றி அளவெடுத்து
வெங்காரம் தடவிப் பற்றவைப்பேன்.
நெருப்பு முதலில், கல் கடைசியில்.
வரிசை மாறினால் வெடித்துவிடும்.

அவர் வந்தது சித்திரை நடுவில்.
மால்டா பக்கமாம். தாராபதோ மண்டல்.
விரலுக்கு விரல் மோதிரம்,
பவழம், கோமேதகம், நீலம்,
ஜோசியர் சீட்டு எழுதிய கிரகமெல்லாம்.
ஆள்காட்டி விரலில் மட்டும் வெறும் கூடு.
புஷ்பராகம் இருந்த இடம்.
லாங் பஜாரில் விற்று
ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டினாராம்.

ஆற்றுக்குத் தண்ணீர் இல்லை,
கோட்டைக்கு ராஜா இல்லை என்று
எங்கள் ஊரை அடுக்குவார்களே,
அந்த வரிசையில் இதையும் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.

சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பி எடுத்தார்.
பஞ்சுக்குள் ஒரு கல்.
பழுப்பு. நெருஞ்சிக்காய் மாதிரி
சுற்றிலும் முள்.
"இதை வை, தீதீ."
எந்த ஊர்க் கல் என்று
எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஹிந்தியில் கேட்டேன்.
சட்டையைத் தூக்கி
விலாவுக்குக் கீழே பிளாஸ்திரியைக் காட்டினார்.

சட்டத்துக்கு அந்தப் பக்கம்
புகை நின்றது.
"அசிங்கம். முடியாதுன்னு சொல்லு."
அசிங்கமா?
ஞாயிற்றுக்கிழமை நான் பொறுக்குவதெல்லாம்
எதன் வயிற்றில் கிடந்து வந்ததென்று
கேட்டா எடுத்தேன்?

"நான் வாங்கினதிலேயே
விலை அதிகமான கல் இதுதான்" என்றார் அவர்.
விலையையும் சொன்னார்.
ஒன்றரை ஏக்கர் நெல்வயல்.

பழைய கூட்டின் உதட்டை அரத்தால் தணித்தேன்.
அடியில் மரத்தூள் மெத்தை.
வடக்கே ஒரு தள்ளு, தெற்கே ஒரு தள்ளு,
கிழக்கே தள்ளும்போது
மொறுக்.

இரண்டு துண்டு.
வாய் உலர்ந்துவிட்டது எனக்கு.
மன்னிப்புக்கு ஹிந்தியில் என்ன சொல் என்று
தேடிக்கொண்டிருக்கும்போதே
அவர் சிரிக்க ஆரம்பித்தார்.
தையல் வலிக்க, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
பெரிய பெரிய மெஷினெல்லாம் வைத்து
ஒன்றரை மணி நேரம் பாடுபட்டார்களாம்.
"நீ கட்டைவிரலால் முடித்துவிட்டாயே!"

பெரிய பாதியை இருத்திக் கொடுத்தேன்.
கூலி வேண்டாம் என்றதற்குக் கோபப்பட்டார்.
எண்ணி வைத்த நோட்டுகளில்
டிஞ்சர் வாசம் இருந்தது.
ராத்திரி காட்பாடியில் ரயில்.
சின்னப் பாதியை அவர் கேட்கவுமில்லை,
நான் ஞாபகப்படுத்தவுமில்லை.

அது தட்டில் கிடக்கிறது,
பாலாற்றுக் கற்களோடு.
காலேஜ் பெண்கள் கிளறும்போது
எப்படியோ அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.
"எந்த மலைக் கல்லுக்கா, ஏலகிரியா?"
இன்னும் வடக்கே என்பேன்.
"என்ன விலை?"
நான் வாய் திறப்பதற்குள்
மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு இருமல்.