ஓ, நி, மோ, தோ

கற்சிலைமடு, அலைகரை. காலை ஆறு பத்து.
கீரி வந்துவிட்டது.
நான் சொல்லச் சொல்லத் தவரூபன் எழுதுகிறார்.
ஓடினால் ஓ. நின்றால் நி.
மோந்தால் மோ. தோண்டினால் தோ.
கீரியின் அரிச்சுவடி அவ்வளவுதான்.

ஓ ஓ நி மோ ஓ நி மோ மோ தோ

நான்கும் சரிசமமாய் வந்தால்
எழுத்துக்கு இரண்டு பிட் வியப்பு.
இந்தக் கீரியில் எனக்குக் கிடைத்தது
ஒன்று தசம் மூன்று.
முந்தின எழுத்துத் தெரிந்தால் இன்னும் குறையும்.
மோவுக்குப் பின் மோ வந்ததும்
தோவுக்குப் பேனையை வைத்துவிடுகிறார் தவரூபன்.
"மணந்திட்டுது, மிஸ்."

அரணை எதிர்ப்பட்டால் கணக்கு வேறு.
எந்தப் பக்கம் பாயும் என்று
அரணைக்கே தெரியாதவரை அது உயிரோடிருக்கும்.
நாங்கள் பார்க்கப் பிடிபட்ட ஆறில் ஐந்து
அடுத்தடுத்து ஒரே பக்கம் திரும்பியவை.
ஆறு போதாது, எழுத முடியாது என்றேன்.
தவரூபன் கொப்பியைப் பார்த்தபடி
"தண்ணிக்குப் போற பாதையை
அந்த மாசியில நாளுக்கு நாள் மாத்தினாங்கள்" என்றார்.
கீரி ஓடத் தொடங்கியிருந்தது.
ஓ, என்றேன். ஓ.

பதினொரு வருஷம் கண்ணிவெடி அகற்றியவர்.
நாளைக்கு நூறு தரம் கத்தும் கருவி:
ஆணி, சோடா மூடி, சன்னக்கோது, ஆணி,
ஒருமுறை ஒரு சின்ன வளையல், பிறகும் ஆணி.
எல்லாவற்றுக்கும் ஒரே குரல்.
அடிக்கடி வருவது குறைவாகவே சொல்லும் என்று
மடக்கை போட்டு நான் விளங்கப்படுத்த,
"ஓம், தெரியும்.
கத்தாத நிலம்தான் எனக்குக் கடைசிவரை பிடிபடேல்லை."

ஏழு மணிக்குக் கீரி
நாயுண்ணிப் பற்றையைத் தாண்டி
சிவப்புத் தடி நட்ட துண்டுக்குள் போகிறது.
மண்டையோட்டுப் பலகை வெயிலில் வெளிறிவிட்டது.
அதன் நிறைக்கு ஒன்றும் ஆகாது,
ஆகாதென்றுதான் நினைக்கிறன், என்கிறார்.
கயிற்றடியில் நிற்கிறோம்.
பத்து நிமிடம். பன்னிரண்டு.

வழக்கமாக அந்த இடத்தை வெறுமையாய் விடுவேன்.
கணினி இரண்டு கரையையும் ஒட்டிவிடும்;
போகும்போது ஓ, வரும்போது ஓ,
நடுவே எதுவுமே நடக்காத மாதிரி.

"அதுக்கும் ஒரு எழுத்துப் போடுங்கோ, மிஸ்.
சும்மா விட்டா
அங்கை ஒண்டும் இல்லையெண்டு நினைப்பினம்."

என்ன எழுத்து என்று கேட்குமுன்
மூன்று புள்ளி குத்திவிட்டார்.

ஓ ஃ ஃ ஃ ஃ

பதினேழாம் நிமிடம் வேறொரு மூலையால் வெளியே வந்தது.
வாயில் ஒரு வால் தொங்கியது.
அரணையா பாம்புக்குட்டியா, தெரியவில்லை. தூரம்.

இரவு கிளிநொச்சி அறையில்
நாலு மாதக் கணக்கையும்
ஐந்தெழுத்தில் திரும்பப் போட்டேன்.
எண் கூடியிருந்தது.
கீரி புதிதாக ஒன்றும் செய்யவில்லை.