மஞ்சள் வராத தெரு

ஐந்து மணிக்கு மோட்டார் போடுவேன்.
தொட்டி நிரம்புவதற்குள்
வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து
சுண்ணாம்பு அடியில் படிய விட்டு
தெளிந்த மேல்தண்ணீரை மட்டும்
தூக்கிக்கொண்டு நாற்பத்தெட்டுப் படி ஏறுவேன்.
பதினோரு வருஷம்.
ஒருநாளும் தவறியதில்லை என்றுதான்
சுகாதார ஆய்வாளர் ஜெசிந்தா வந்தபோதும் சொன்னேன்.

கீழத்தெருவில் பதினாறு பேருக்கு வயிற்றுப்போக்கு.
தையல்நாயகி மகனுக்குத்
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில்
மூன்றாவது பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் யாரையும் திட்டவில்லை.
எந்த வீடு, எந்த நாள், எந்தக் குழாய்.
நோட்டில் தெருவை வரைந்து
புள்ளி வைத்துக்கொண்டே போனார்.
புள்ளிகள் சாக்கடை ஓரமாக நெருங்கின.

கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து
இரண்டு சொட்டு மருந்து.
குளோரின் இருந்தால் மஞ்சளாகும்.
தொட்டியடியில் எலுமிச்சை.
மேலத்தெருவிலும் அதே.
பள்ளிக்கூடத்தில் வைக்கோல் நிறம்.
கீழத்தெருவில்
தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"மருந்து போட்டேன் மேடம்."
"போட்டீங்க, அங்க தெரியுதே.
இங்க வர்றதுக்குள்ள எங்க போச்சு?"

ஆற்றுக்கு நாங்கள் கடைமடை.
மேட்டூர் திறந்து பதினைந்து நாள் கழித்துத்தான்
எங்கள் வாய்க்காலில் கால் நனையும்.
குழாய்க்கும் ஒரு கடைமடை இருக்கிறது.
மேலே எல்லாரும் பிடித்தது போக மிச்சம்
கீழத்தெருவில் தரைக்கு ஓரடி கீழே
நின்றுவிடும்.
தண்ணீர் ஏறவில்லை,
ஆகவே தரையை இறக்கினார்கள்.
முழங்கால் ஆழம், குடம் உட்காரும் அகலம்,
அடியில் குழாய்.

மழை பெய்தால் குழி நிறையும்.
சாக்கடை அடைத்தாலும் நிறையும்.
நான் வால்வை மூடும் நிமிஷம்
குழாய்க்குத் தாகம் எடுக்கும்.
குழியில் கிடப்பதை உறிஞ்சி
உள்ளேயே வைத்திருக்கும்,
மறுநாள் முதல் குடத்துக்கு.

இதைக் குச்சியால் மண்ணில் கீறிக் காட்டிவிட்டுக் கேட்டார்:
"இந்தக் குழியெல்லாம் யாரு வெட்டினது?"

கடப்பாரை என்னுடையது.
குழிக்கு இருநூறு.
தையல்நாயகி வீட்டுக்கு நூற்றைம்பது,
ஒரு டீயும்.

தெரு என்னைப் பார்க்காமல் பார்த்தது.
ஒருவரும் சொல்லவில்லை.
அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு
அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள்:
காய்ச்சிக் குடியுங்கள்,
சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்,
உப்புச் சர்க்கரைப் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.
"கேஸுக்கு யாரு தருவா?" என்று
அஞ்சுகம் கேட்டது மைக்கில் விழவில்லை.

குழியை மூடச் சொல்வது சுலபம்.
மூடினால் குழாயில் காற்றுதான் வரும்.
இரவெல்லாம் வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர் இது.
முறை தப்பினால் மண்வெட்டியோடு வருவார்கள்.

விடிகாலை யாரையும் கேட்காமல்
மேலத்தெரு வால்வை இறுக மூடினேன்.
கீழத்தெருவுக்கு முதல் முறை.
அடிக்குழாய் சீறியது,
குழியை விட்டு எம்பி
அஞ்சுகம் புடவையை நனைத்தது.

ஏழு மணிக்கு மேலத்தெரு ரெங்கராஜ் பைக்கில் வந்தார்.
"யாரைக் கேட்டுத் திறந்தே?"
"முறைங்க. ஏழரைக்கு உங்களுக்கு."
"குடிக்கிற தண்ணிக்கு என்னய்யா முறை?"
தலைவரிடம் போவதாகச் சொல்லிப் போனார்.
போயிருப்பார்.
வேலையில் இருக்கிறேனா என்று
திங்கட்கிழமை தெரியும்.

அதற்குள் ஒரு வேலை பாக்கி.
குழாயைத் தரைக்கு மேல் ஏற்ற
இரண்டு எல்போவும் ஒரு பைப்பும் வாங்கிக்கொண்டு
மண்வெட்டியோடு தையல்நாயகி வாசலில் நின்றேன்.
பையன் வந்துவிட்டான்.
புறங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.
பிஸ்கட்டைத் தின்னாமல் கையில் வைத்திருந்தான்.

அவள் வெகுநேரம் குழியையே பார்த்தாள்.
"வெட்ட நூத்தம்பது வாங்கினே.
மூட எவ்வளவு, உத்திராபதி?"

மண்ணைத் தள்ள ஆரம்பித்தேன்.
ஜெசிந்தா செவ்வாய்க்கிழமை
குழலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.