விதி ஆறு, பந்தி இரண்டு

கோண்டாவிலில் ஒரு வீட்டின் மேல்மாடி.
பதினாறு கணினி, இரவு வேலை.
தென்னமெரிக்காவில் எங்கோ
விழுந்துகொண்டே இருக்கும் அருவியொன்றின் முன்
உட்கார்ந்திருக்கிறேன்.
பறவை ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி போட வேண்டும்.
பெட்டிக்கு இரண்டு ரூபா.

பெரிய கருஞ்சாம்பல் உழவாரன்.
காலிருந்தும் நிற்கத் தெரியாது,
தொங்கத்தான் தெரியும்.
அந்தி வானில் ஆயிரமாய்ச் சுழன்று
திடீரென ஒன்று
அந்த வெள்ளைச் சுவரில் மோதுகிறது.
மோதவில்லை. இல்லாமற் போகிறது.

ஆறில்லாத ஊர் எனது.
வழுக்கையாறும் மாரிக்கு மட்டுமே ஆறு.
கிணற்றைக் குனிந்து பார்த்தே வளர்ந்தவளுக்கு
அண்ணாந்து பார்க்கும் தண்ணீர்
கழுத்தை வலிக்கச் செய்கிறது.

படத்தின் கீழே கேள்வி:
தெரிகிறது. பாதி தெரிகிறது. தெரியவில்லை.
ஒன்றைத் தெரிவு செய்க.

பக்கத்து மேசை ஜெனிற்றா, குருநகர்க்காரி:
"தெரியேல்லை எண்டு போட்டிட்டு அடுத்ததுக்குப் போவன்.
தேத்தண்ணி ஆறுது."

அவளில் பிழையில்லை.
நான்தான் தேவையில்லாமல் தேடிப் படித்துவிட்டேன்:
தண்ணீருக்குப் பின்னால் பாறை இருக்கிறது.
பாறையில் பாசியும் சேறும் குழைத்த கூடு.
காது அடைக்கும் அந்த ஈர இருட்டில்
தோளோடு தோள் ஒட்டி
நூற்றுக்கணக்கில் தூங்குகின்றன.

எங்கள் அலுமாரியிலும் ஒரு படிவம் உண்டு.
அதிலும் கட்டங்கள்.
அண்ணாவின் பெயருக்கு நேரே
எதிலும் புள்ளடி போடாமல்
அம்மா பன்னிரண்டு வருசமாய் வைத்திருக்கிறா.
இடைக்கிடை ஓர் உத்தியோகத்தர் வருவார், பேனையை நீட்டுவார்.
அம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பா.

நாலாவதாய் ஒரு கட்டம் வேண்டுமென்று
கொழும்புக்கு எழுதினேன்:
உள்ளே இருக்கிறது.
பதில் உடனே வந்தது.
விதி ஆறு, பந்தி இரண்டு.
காண்பதை மட்டும் குறிக்கவும்.

அடுத்த துண்டில், பதினேழாம் செக்கனில்
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒன்று வெளியே வந்தது.
உள்ளே போனது அதுதானா?
அதைக் கேட்க அங்கே இடமில்லை.
ஜெனிற்றா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.
திருப்பித் திருப்பி ஓடவிட்டோம்.
ஆறிப்போன தேத்தண்ணியில் பாதியை
என் கோப்பைக்குள் ஊற்றினாள்.

விடிய நாலு மணிக்கு
வெறும் தண்ணீரின் மேல் ஒரு பெட்டி போட்டேன்,
சிறகு விரிய இடம்விட்டு.
தரப்புள்ளி தொண்ணூற்றேழிலிருந்து எண்பத்தெட்டு.

சைக்கிளை எடுக்கையில்
மதிலோரப் பனையின் காவோலைக்குள்ளிருந்து
எங்கள் ஊர் உழவாரன்கள்
கீச்சிட்டபடி புறப்பட்டன.
ஏழு எண்ணினேன்.
ஓலைக்குள் எத்தனை என்று
எழுதவில்லை.