மூன்றாம் படுக்கை

கீழ்ப்பாக்கம், நான்காவது மாடி.
ஒன்பது மணிக்கு லிஃப்டை நிறுத்திவிடுவார்கள்.
ஞானப்பிரகாசம் படியேறித்தான் வந்தார்,
ஒவ்வொரு திருப்பத்திலும்
கைப்பிடியிடம் ஏதோ சொல்லிக்கொண்டு.

நெஞ்சில் பட்டை, விரல்நுனியில் சிவப்பு விளக்கு,
தலை முழுக்க ஒயர்.
ஒட்டும்போது கேட்டார்:
"மாத்திரை டப்பாவ தலமாட்டுல வெச்சிக்கலாமா?"

ஏழு அறை டப்பா.
மஞ்சள் கேப்ஸ்யூல், மெக்னீசியம்,
ஞாயிறு மட்டும் வைட்டமின் டி.
மீன் எண்ணெய் நார்வே சரக்காம்,
வீடு காசிமேட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.
"ஃபிலோமினா மத்தி வறுப்பா, அது வேற.
இது சுத்தம்."

ரத்தத்தில் ஒரு எண் ஏறியிருக்கிறதாம்.
உள்ளுக்குள் அழற்சி, இதயத்துக்கு ஆகாது
என்றாராம் டாக்டர்.
கண்ணாடி முன் நின்று தேடியிருக்கிறார்,
எங்கேயும் சிவக்கவில்லை, வீங்கவில்லை.
"இதெல்லாம் சாப்ட்டா கொறையுமா பாப்பா?"
குறையலாம் சார், கொஞ்சம்.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
என் வேலை ஒயர்களோடு.

விளக்கை அணைத்தேன்.

பதினொரு மணிக்கே குறட்டை,
துறைமுகத்துக் கிரேன் மாதிரி
(முப்பது வருஷம் அதைத்தான் ஓட்டினார்)
தூக்கி, தூக்கி, இன்னும் தூக்கி
பிறகு
ஒன்றுமில்லை.

திரையில் மூச்சின் கோடு படுத்துவிட்டது.
வயிறு மட்டும் எழும்பி எழும்பி இறங்குகிறது,
பூட்டிய வீட்டை
உள்ளிருந்து தட்டுகிறவன் போல.
ஆக்சிஜன் எண்பத்தெட்டு. எண்பத்தொன்று.
எழுபத்து நான்கு.
இதயம் முதலில் தயங்குகிறது,
நாற்பத்தோராவது நொடியில்
தொண்டை கிழிந்து காற்று நுழைய
நூற்றுப் பத்தில் ஓடுகிறது.
அவருக்கு எதுவும் தெரியாது.
நானும் மூச்சை விடுகிறேன்,
எப்போது பிடித்தேன் என்று தெரியாமல்.

மணிக்கு ஐம்பத்திரண்டு முறை.
எத்தனை வருஷமாக?
பகலில் ஒவ்வொன்றாக விழுங்கியதையெல்லாம்
இரவு மொத்தமாகக் கேட்டு வாங்குகிறது.

பூந்தமல்லி சாலையில்
யாருக்கோ ஒரு ஆம்புலன்ஸ்.

இரண்டு நாற்பத்தேழுக்கு
மாஸ்க்கோடு உள்ளே போனேன்.
முகம் சுளித்தார், திட்டினார், தூங்கினார்.
அழுத்தம் ஏழு. ஒன்பது. பதினொன்றில்
கோடு எழுந்து உட்கார்ந்து
காற்றில்லாத நாளின் அலையாக
வந்து வந்து போனது.
டீ ஆறிப்போனது தெரியாமல் பார்த்திருந்தேன்.

காலையில் சொன்னார்:
"கனா வந்துது பாப்பா.
என்னான்னு மறந்துட்டன். ஆனா வந்துது."
டப்பாவைத் திறந்து
வியாழக்கிழமையை விழுங்கினார்.
"அந்த மெஷின் எவ்ளோ வரும்?"

சொன்னேன்.

டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்த்தார்.
உள்ளே வெள்ளியும் சனியும்
கிலுகிலுத்தன.