இருபத்திரண்டு நிமிடக் கோழி

ஐந்துலாம்புச் சந்தி நடைபாதையில்
நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன்
இந்தப் பிளாஸ்டிக் கோழியை.
முட்டை அவிக்க நேரம் பார்ப்பதற்காம்.
இருபத்தைந்தில் முறுக்கி வைத்தால்
இருபத்திரண்டிலேயே கத்திவிடும்.
மாற்றித் தரச் சொல்லிப் போனேன்.
விற்றவனையும் காணோம்,
அவன் விரித்திருந்த சாக்கையும் காணோம்.
சரி, இருபத்திரண்டே இருக்கட்டும்.

புதுக்கடையில், நீதிமன்றத்துக்குப் பின்னால்,
இரண்டு மேசை போட்டால் கதவு முழுக்கத் திறவாத கந்தோரில்
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நான்.
பிறப்பு, விவாகம், இறப்பு,
காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு.
கோழி ஒருதரம் கத்துவதற்குள்
ஒரு பிறப்புச் சான்றிதழ் முடியும்.
இறப்புக்கு இரண்டு தரம் கத்தவேண்டும்.
மரணத்தின் காரணம் என்ற கட்டத்தில்
வைத்தியர்களின் கையெழுத்து அப்படி.

மற்ற ஆயுதங்களும் பெரிதாய் ஒன்றுமில்லை.
அன்றைய கடதாசிகளைக் கவ்விப் பிடிக்க
உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்;
வாய் மூடுகிற அளவுக்கு மேல் அது வேலை ஏற்பதில்லை.
கட்சிக்காரர் கையோடு கொண்டுபோகாதபடி
மேசைக்காலில் நூலால் கட்டிய பென்சில்.
காலையில் பஸ் டிக்கெட்டின் முதுகில்
எழுதிக்கொள்ளும் மூன்று வேலை.
நாலாவதுக்கு டிக்கெட்டில் இடமில்லை.

மாலையில் செய்ததை வெட்டுவேன்,
செய்யாததை மறுநாள் டிக்கெட்டில் ஏற்றுவேன்.
இப்படித்தான் ஏறி ஏறி வந்தது
'மேர்சலின் — குடை.'
சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை தொடங்கி
ஆடி அமாவாசை தாண்டியும்
இறங்க மனமில்லாத பிரயாணி.

இரண்டாவது மேசை மேர்சலினுடையது.
விசாவுக்கு வந்த பையன் ஒருவனின் பிறந்த திகதியில்
பதினொன்றைப் பதினேழாக அடித்துவிட்டாள்.
ஆறு நாள் இளமை கூடிப்போயிற்று அவனுக்கு.
நான் ஏசிய ஏச்சு
படிக்கட்டில் நின்றவர்கள்வரை கேட்டது.
அவள் வாய் திறக்கவில்லை.
பின்னேரம் மழை விட்டு வெயில் எறித்தது,
குடையை மறந்து போனாள்.
பிறகு வரவேயில்லை.

வைகாசியில் பழைய கட்டொன்றைப் பிரித்தபோது
மூலப் பிரதி கையில் வந்தது.
யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன்.
ஏழு.
தலைக்கோடு மங்கிய ஏழு.

நேற்று வேலையெல்லாம் நேரத்தோடு முடிந்தது,
அதுதான் வினை.
டிக்கெட்டில் குடை மட்டும் மிச்சம்.
கோட்டையில் நூறாம் நம்பர் பஸ் ஏறினேன்.
பைக்குள் சும்மா கிடந்த கை
பழக்கதோசத்தில் கோழியை முறுக்கியிருக்கிறது.
பம்பலப்பிட்டியில் கத்தத் தொடங்கியது.
தொடங்கினால், அதுவாக ஓயும்வரை நிறுத்த வழியில்லை.
கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டார்,
கோழிக்கும் டிக்கெட் எடுத்தாச்சா என்று.
பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும்தான்.

வெள்ளவத்தையில் இறங்க, மழை.
அவளுடைய குடையைத்தான் விரித்துக்கொண்டு
கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில்
அவள் வீட்டைத் தேடினேன்.
சொட்டச் சொட்ட வாங்கினாள்,
உதறினாள், கதவடியில் விரித்துவைத்தாள்.
தேத்தண்ணி தந்தாள்.
தெகிவளையில் புது வேலை என்றாள்,
கணினி நல்லது, கதிரைதான் கூடாது என்றாள்.
கோழியைக் காட்டினேன்.
முறுக்கி மேசையில் வைத்தாள்.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு
அரிசி விலை கதைத்தோம்.
அது கத்தியதும் நான் எழும்பிவிட்டேன்.

இன்று காலை,
கொட்டாஞ்சேனையில் ஏறிய பஸ்ஸில்,
மடியில் டிக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு
எழுதியிருக்கிறேன்:
'மேர்சலின் — ஏழு.'
மற்ற இரண்டு வரியையும்
இன்னும் நிரப்பவில்லை.